செவ்வாய்க்கிழமைக் கை

மருந்துக்கடையில் இனாமாகக் கொடுத்த நாட்குறிப்பு.
நாளுக்கு ஒரு பக்கம்,
ஒவ்வொன்றின் தலையிலும் ஓர் இருமல் மருந்து.
எழுதிவைக்க எனக்கு என்ன இருக்கிறது?
பார்குவாவுக்கும் சாகாவோவுக்கும் நடுவே
அரை மணி நேரத் தண்ணீர்.
அதில் போகவும் வரவும் சீட்டுக் கிழிப்பவள்,
எலியானா நவெல்கின்.

ஒரு விதி வைத்துக்கொண்டேன்.
காலை முதல் நடையில்
கயிறு அவிழ்ந்ததும் பேனா திறக்கும்,
சாய்பலகை அக்கரையைத் தொட்டதும் மூடும்.
அதற்குள் ஏதாவது ஒன்று.
அழகாக இருந்தாகவேண்டும் என்பதில்லை.

ஜனவரி ஒன்று, நல்ல கோடை.
சுற்றுலா வந்த ஒருத்தியின் தொப்பியைக்
காற்று பிடுங்கிக் கடலுக்குக் கொடுத்தது.
வரைந்து பார்த்தால்
உருளைக்கிழங்கு அடைபோல இருந்தது.

குதிரை எனக்கு வரவே இல்லை.
பதினோரு நாள் முயன்றேன்.
பத்து நாளும் நாய்.
பதினோராம் நாள் காபி சிந்திப் பிடரி முளைத்தது.

பிப்ரவரி பதினேழு ஒன்றும் நடக்கவில்லை.
அதை எப்படி வரைவது என்று யோசிப்பதற்குள் கரை.
பக்கத்தில் ஒரு புள்ளி மட்டும்.
இப்போது அந்த நாள்தான்
எல்லாவற்றையும்விடத் தெளிவாக நினைவிருக்கிறது:
டீசல் வாசனை, முதுகில் வெயில்,
இயந்திர அறையிலிருந்து பாரியாவின் தும்மல்,
ஏழு.

ஜூனில் மழை. இருபத்துமூன்று நாள் விடாமல்.
முதல் நாள் கோடு கோடாக இழுத்தேன்.
பிறகு நனைந்த காலணி,
பிறகு யாரோ மறந்துபோன குடை,
பிறகு அதே குடையின் உடைந்த கம்பி.
சரக்குத் தீர்ந்தது.
நாட்குறிப்பையே மேல்தளத்தில் விரித்து வைத்து
நீயே வரைந்துகொள் என்றேன்.
அந்தப் பக்கம் இன்னமும் உப்பிக் கிடக்கிறது,
மூடமாட்டேன் என்கிறது.

ஆகஸ்ட் ஒன்பது, பொய்.
முந்தின இரவு ரூபெனும் நானும்
பேசக்கூடாததையெல்லாம் பேசியிருந்தோம்.
நான் வரைந்தது ஓர் ஆப்பிள். பளபளப்பு, நிழல் வேறு.
எப்போது புரட்டினாலும் அது என்னை முறைக்கிறது.
வருஷத்திலேயே நன்றாக அமைந்த படமும் அதுதான்.

டிசம்பர் முப்பத்தொன்று, பாரியாவின் காலுறை.
அன்றிரவு சமையல் மேசையில்
முதலிலிருந்து புரட்டினேன்.
எதைத் தேடினேன் என்று தெரியாது.
ஒரு கை கிடைத்தது.

எதுவும் தோன்றாத நாட்களில்
காசு நீட்டும் கைகளை வரைவது வழக்கம்.
கையுறை போட்டது, மரப்பிசின் ஒட்டியது,
குழந்தையைத் தூக்கியதுபோக மிச்சமிருந்தது.
அவற்றில் ஒன்பது, ஒரே கை.
ஆள்காட்டி விரலில் மேல் கணு இல்லை.
ஒன்பதும் செவ்வாய்.
அக்டோபரோடு நின்றுபோயிருந்தது.

ஒன்பது முறை அதனிடம் காசு வாங்கியிருக்கிறேன்.
மணிக்கட்டுக்கு மேலே
ஒரு முறைகூட நிமிர்ந்து பார்க்கவில்லை.

புது வருஷம். புது நாட்குறிப்பு கிடையாது,
பழையது பையிலேயே கிடந்தது.
செவ்வாய் வந்தால் மட்டும்
வண்டி ஜன்னல்களைக் குனிந்து பார்ப்பேன்.
செத்திருப்பாரோ. வேலை மாறியிருப்பாரோ.
விரல் குறைந்த ஆள் என்று விசாரித்தேன்.
பாரியா சிரித்தான்:
மரம் அறுக்கும் ஆலை இருக்கிற ஊரில்
அதெல்லாம் ஓர் அடையாளமா?

மார்ச்சில், ஒரு புதன்கிழமை.
நீல லாரி, பின்னால் பூண்டு மூட்டைகள்.
ஜன்னலில் அந்தக் கை.
காசை வாங்காமல் நின்றேன்.
முகம் நான் நினைத்ததைவிட இளசு, காது பெரிசு.
பையைத் திறந்து நாட்குறிப்பை நீட்டினேன்.
இது நீங்கள், என்றேன். இதுவும். இதுவும்.

பெயர் ஒயார்சோ என்றார்.
இத்தனை மாதம் எங்கே என்று கேட்க
வாய் வரை வந்தது, கேட்கவில்லை.
பின்னால் பால்வண்டி ஹாரன் அடித்தது.
அவர் கண்ணாடியைத் தேடி மாட்டிக்கொண்டு
ஒன்பதையும் மறுபடி முதலிலிருந்து பார்த்தார்.
பிறகு தன் கையைப் பார்த்தார்.

"ஒரு செவ்வாய்கூட
நகம் வெட்டிக்கொண்டு வரவில்லையே நான்."